கணுக்கால் முறிஞ்சா எதுக்கு சிடி ஸ்கேன்? அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் சென்னைப் பேராசிரியரின் கணக்கு! யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

உத்திரமேரூர் பக்கம் வயல் வரப்புல வழுக்கியோ, பைக்ல இருந்து விழுந்தோ கணுக்கால் முறிஞ்சா, முதல்ல எக்ஸ்ரே எடுப்பாங்க. சிலருக்கு மட்டும் சிடி ஸ்கேனும் எடுக்கச் சொல்வாங்க. ஏன்?

எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். கணுக்காலின் பின்பக்க எலும்புத் துண்டு எவ்வளவு பெரிசு, மூட்டுப் பரப்பு எவ்வளவு விலகியிருக்கு என்பது அதில் சரியாகத் தெரியாமல் போகலாம். வாழைத்தண்டை வட்டமா நறுக்கிப் பார்ப்பது போல, சிடி உள்ளே காட்டிவிடும். ஆபரேஷன் தேவையா, ஸ்க்ரூ எங்கே போடணும் என முடிவெடுக்க அது உதவும்.

யார் இவர்?

1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர் ராமச்சந்திரன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கப் போனவர், சர் சி.வி.ராமனிடம் இயற்பியல் மாணவரானார். கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பி, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானபோது வயசு சுமார் 30தான்.

1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கொலாஜன் புரதம் மூன்று இழைகளால் ஆனது என்று சொன்னார். நம்ம எலும்பு, தசைநார் எல்லாத்துக்கும் அடிப்படை இந்தக் கொலாஜன்தான். 1963-ல் வந்த 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்றும் உலகம் முழுக்கப் புரத ஆய்வுகளில் பயன்படுது.

சிடிக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே அளவுகளைச் சேர்த்து ஒரே படமாக்க ஏகப்பட்ட கணக்கு போடணும். 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, அந்தக் கணக்கை வெகுவாகச் சுருக்கும் எளிய வழியை ராமச்சந்திரன் வெளியிட்டார். வானொலி வானியலில் இதே மாதிரி வழியை வேறு சிலர் முன்பே கண்டிருந்தாலும், பின்னாளில் வந்த சிடி கருவிகளுக்கு இந்த முறை முக்கிய அடித்தளமானது. அவர்கள் பயன்படுத்திய வடிகட்டி இன்றும் 'ராம்-லாக்' என்று இருவர் பெயரையும் சுமக்கிறது.

1979-ல் சிடிக்காக நோபல் பரிசு கிடைத்தது ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும். ராமச்சந்திரனுக்கு நோபல் கடைசிவரை வரவே இல்லை. பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்டு, 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: எல்லா முறிவுக்கும் சிடி தேவையில்லை, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஆனா ஸ்கேன் படம் கைக்கு வரும்போது, அதுக்குப் பின்னால சென்னையில் பாடம் நடத்திய ஒருவரின் உழைப்பும் இருக்கு!