நல்லாசிரியர் பண்டிதர் கருப்பன்

நுழையும் முன்

நல்லாசிரியர் எத்தகையவராக இருத்தல் வேண்டும் என்பதை நன்னூல் நான்கு உவமைகளால் விளக்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அவ்விலக்கண நூல், நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கையும் ஆசிரியர்க்கு ஒப்பாகக் கூறுகிறது. நிலத்தைப் போலப் பொறுமையும் உறுதியும் உடையவர். மலையைப் போல அளத்தற்கரிய அறிவுடையவர். நிறைகோலைப் போல ஐயம் நீக்கி நடுவுநிலைமையில் நிற்பவர். மலரைப் போல யாவரும் விரும்பும் முகமலர்ச்சி உடையவர். இப்பண்புகள் அமைந்த ஆசிரியர் ஒருவர் நாம் வாழும் எர்ணாகுளத்திலேயே வாழ்ந்தார். அவருடைய வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

காயலும் ஒரு கேள்வியும்

மாணவச் செல்வங்களே! மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்திற்குப் படகில் சென்றிருப்பீர்கள். வழியில் விரிந்து கிடக்கும் காயலையும், அதில் மிதக்கும் சிறு வள்ளங்களையும் கண்டிருப்பீர்கள். 1913ஆம் ஆண்டில் ஒருநாள் இக்காயலின் நடுவே ஒரு பெருங்கூட்டம் நடந்தது. வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டி, அவற்றின்மேல் பலகைகளைப் பரப்பி, அதனையே மேடையாக அமைத்தார்கள். கரையில் இத்துணை இடம் இருக்க, அம்மக்கள் நீரின்மேல் ஏன் கூடினார்கள்? இவ்வினாவிற்கு விடை காண, அக்கூட்டத்திற்கு வழிகாட்டிய ஆசிரியரின் வரலாற்றை முதலிலிருந்து காண்போம்.

பிறப்பும் பெயரும்

எர்ணாகுளத்திற்கு வடக்கே, பெரியாற்றின் கரையில் சேரானல்லூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் வாலர் என்னும் மீனவர் குலத்தில் 1885ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் கருப்பன் பிறந்தார். அப்பெயரைக் கேட்டதும் உங்களுள் பலருக்குத் தமிழகத்துச் சிற்றூர்களின் நினைவு வரும். அவர் பெயர்க்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டு என்றே சொல்லப்படுகிறது. அக்குடும்பத்தோடு நட்புக் கொண்டிருந்த தமிழ்த் துறவி ஒருவர், இக்குழந்தை பெரும் புலமை பெற்று விளங்கும் என்று கூறி, கற்றவன் என்னும் பொருள்படும் பெயரைச் சூட்டச் செய்தார் என்றும், அப்பெயரே நாளடைவில் கருப்பன் என மருவியது என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

அக்காலத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளை கல்வி பெறுவது எளிதன்று. பிறந்த குலத்தைக் கொண்டே ஒருவர் எங்கே நடக்கலாம், எங்கே நிற்கலாம், எதைக் கற்கலாம் என்று வரையறுத்திருந்த காலம் அது. ஆயினும் வேலு வைத்தியர் என்பவரிடம் கருப்பன் தொடக்கக் கல்வி பெற்றார். இளமையிலேயே கவிதை இயற்றும் ஆற்றலும் அவரிடம் தோன்றியது.

மாணவராக இருந்த ஆசிரியர்

நல்லாசிரியராக விளங்குபவர் முதலில் நல்ல மாணவராக இருந்திருப்பார். மேலும் கற்க விரும்பிய கருப்பன் கொடுங்கல்லூருக்குச் சென்றார். அவ்வூர்க் கோவிலகம் அந்நாளில் புலவர் பலர் கூடிய கல்விக் கூடமாக விளங்கியது. அங்கே கொச்சுண்ணித் தம்புரான் என்னும் பெரும்புலவர் அவருக்கு வடமொழிக் காவியங்களைக் கற்பித்தார். அரச குடும்பத்தில் பிறந்த ஆசிரியர், மீனவர் குடியில் பிறந்த மாணவருக்குத் தம் அறிவை வழங்கினார். பிறப்பை நோக்காமல் ஆர்வத்தை நோக்கும் ஆசிரியர் ஒருவர் வாய்த்தால் மாணவரின் வாழ்வே மாறும் என்பதைக் கருப்பன் தம் பட்டறிவால் உணர்ந்தார். பிற்காலத்தில் தம் மாணவர்களிடமும் அவர் அவ்வாறே நடந்துகொண்டார்.

அக்காலத்தில் கொச்சியை ஆண்டவர் இராஜரிஷி இராமவர்மா. அவர் கொடுங்கல்லூருக்கு வந்தபோது கருப்பன் இயற்றி அளித்த கவிதைகளைக் கண்டு வியந்தார். இவ்விளைஞரின் அறிவு வீணாகக் கூடாது என்று கருதிய மன்னர், எர்ணாகுளத்தில் இராமப் பிஷாரடி என்னும் அறிஞரிடம் அவர் உயர்கல்வி பெற ஏற்பாடு செய்தார்.

வகுப்பறையில் வந்த சோதனை

கல்வியை முடித்த கருப்பன், எர்ணாகுளம் செயின்ட் தெரேசா கான்வென்ட் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வடமொழி ஆசிரியரானார். பின்னர், உயர்குலச் சிறுமியர் மட்டுமே பயின்ற அரசுப் பள்ளி ஒன்றிற்கு அவரை மன்னர் அமர்த்தினார். மீனவர் குலத்தவர் தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதா என்று சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மன்னரோ தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்நிலையில் ஓர் ஆசிரியர் என்ன செய்யக்கூடும்? சினம் கொள்ளலாம், மனம் உடைந்து விலகியும் போகலாம். கருப்பன் இவ்விரண்டையும் செய்யவில்லை. தம் பணியைத் தொடர்ந்தார். எதிர்த்தவர்களின் பிள்ளைகளுக்கும் தாம் கற்ற கல்வியை வழங்கினார். தோண்டுவாரையும் தாங்கும் நிலம்போல் நின்ற அவரது பொறுமையே எதிர்ப்பிற்கு விடையாயிற்று.

கும்மியில் ஒரு பாடம்

வகுப்பறைக்குள் இருந்த மாணவர்களைப் பற்றி மட்டும் அவர் எண்ணவில்லை. பள்ளியின் வாயிலையே காணாத பல்லாயிரம் மக்கள் வெளியே இருந்தனர். அவர்களுக்கு எழுத்து தெரியாது. நூல் வாங்கப் பொருளும் இல்லை. அவர்களுக்கு எவ்வாறு கற்பிப்பது?

கருப்பன் ஓர் எளிய வழியைக் கண்டார். கும்மிப் பாட்டு அனைவருக்கும் தெரியும். கைதட்டிப் பாடினால் எழுத்தறியாதவர் நெஞ்சிலும் அது பதியும். எனவே 1904ஆம் ஆண்டளவில் 'ஜாதிக்கும்மி' என்னும் நூலை இயற்றினார். அது 1912இல் அச்சேறியது. காசியில் ஆதிசங்கரரின் எதிரே எளிய குலத்தைச் சேர்ந்த கணவனும் மனைவியும் வருகின்றனர். விலகுமாறு கூறியபோது, விலக வேண்டியது உடலா, உயிரா என்று அவர்கள் வினவுகின்றனர். அவ்வினாவால் சங்கரர் தெளிவு பெறுகிறார். இக்கதையைக் கொண்டு, மக்களுள் உயர்வு தாழ்வு இல்லை என்னும் பெரிய உண்மையை அவர் உணர்த்தினார். வடமொழிக் காவியங்களில் ஆழ்ந்த புலமை பெற்றவர், கடினமான சொற்களால் தம் புலமையைக் காட்ட முற்படவில்லை. மாணவருக்கு எந்த மொழி புரியுமோ, எந்த வடிவம் பிடிக்குமோ, அதிலேயே கற்பித்தார். பாடத்தை மாணவர் இருக்கும் இடத்திற்குக் கொண்டுசெல்வது சிறந்த ஆசிரியரின் இயல்பு அன்றோ?

நீரின்மேல் ஒரு கூட்டம்

மீனவ மக்கள் ஒன்றுபட்டுக் கல்வியிலும் ஒழுக்கத்திலும் முன்னேறும் பொருட்டுப் பல ஊர்களில் சபைகளைக் கருப்பன் தோற்றுவித்தார். கொடுங்கல்லூரை அடுத்த ஆனாப்புழையில் கல்யாணதாயினி சபையும், தேவரையில் வால சமுதாய பரிஷ்காரிணி சபையும் அவற்றுள் அடங்கும்.

தம் குலத்தோடு அவர் நின்றுவிடவில்லை. வயலில் உழைத்த புலையர் மக்களின் நிலை இன்னும் கொடியதாக இருந்தது. நகரத்திற்குள் நடமாடவும் அவர்களுக்குத் தடை இருந்தது. ஒன்றுகூடிப் பேசக் கரையில் ஓரடி நிலமும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிலம் மறுக்கப்பட்டால் நீர் இருக்கிறதே என்று கருப்பன் எண்ணினார். காயல் எவர்க்கும் தனியுரிமை உடையதன்று. வள்ளங்கள் வந்தன, மக்கள் வந்தனர், கூட்டம் நடந்தது. காயல் சம்மேளனம் என்று வரலாறு போற்றும் நிகழ்ச்சி இதுவே. தொடக்கத்தில் நாம் கேட்ட வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா?

பின்னர் எர்ணாகுளத்தில் வேளாண் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. நெல்லும் காயும் கனியும் அங்கே அழகுற அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை விளைவித்த புலையருக்கோ உள்ளே நுழைய உரிமை இல்லை. உழைத்தவர் வெளியே நிற்க, உழைப்பின் பயன் மட்டும் உள்ளே இருப்பது முறையன்று என்பதை ஆட்சியாளர் முன்னிலையில் கருப்பன் எடுத்துரைத்தார். அதன் பயனாக அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். நகருக்குள் வரும் வழியும் அவர்களுக்குத் திறந்தது. நிறைகோலின் நடுவுநிலைமை என்பது இருபுறமும் பேசாதிருத்தல் அன்று; தாழ்த்தப்பட்ட தட்டைச் சமநிலைக்குக் கொணர்தலே ஆகும்.

தடைகளை நீக்கிய பணி

1925ஆம் ஆண்டில் கருப்பன் கொச்சி சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். ஒடுக்கப்பட்ட மக்களின் நலனுக்கெனத் தனித் துறை அமைந்தபோது அதன் துணைக் காப்பாளராகவும் பணியாற்றினார். ஏழை மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் கிடைக்க அவர் பாடுபட்டார். பசித்த வயிற்றோடும் நூலில்லாக் கையோடும் வரும் பிள்ளைக்குப் பாடம் மட்டும் சொன்னால் போதாது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். கற்பித்தலுக்கு முன்னே கற்பதற்குரிய வழியை அமைத்துத் தருவதும் ஆசிரியர் பணியே எனக் கொண்டார்.

1935ஆம் ஆண்டில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் மலையாள விரிவுரையாளராக அவர் பொறுப்பேற்றார். வித்துவான், கவிதிலகன் முதலிய பட்டங்கள் அவரை வந்தடைந்தன. 1938ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள், தம் 52ஆம் வயதில் பண்டிதர் கருப்பன் இயற்கை எய்தினார்.

நம் கடமை

மாணவர்களே! உங்கள் பெற்றோரும் முன்னோரும் பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து இந்நகருக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழும், தெருவில் மலையாளமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் உங்களைச் சூழ்ந்துள்ளன. சில நாள்களில் பாடம் கடினமாகத் தோன்றலாம். அப்போது உங்கள் நிலையறிந்து, உங்களுக்குப் புரியும் வகையில் ஒருவர் பொறுமையோடு கற்பித்தால், அவர் கருப்பனின் வழியில் நடப்பவர் என்று உணருங்கள். உங்கள் அருகில் அமர்ந்திருக்கும் தோழர்க்குப் பாடம் புரியாதபோது நீங்களும் அவ்வாறே உதவுங்கள். அடுத்த முறை படகில் காயலைக் கடக்கும்போது, நிலம் கிடைக்காத மக்களுக்கு நீரின்மேல் மேடை அமைத்துக் கொடுத்த அவ்வாசிரியரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

சொற்பொருள்

நிறைகோல் – துலாக்கோல், தராசு
பட்டறிவு – அனுபவம்
மருவுதல் – சொல் வழக்கில் மாறுதல்
நடுவுநிலைமை – ஒருபக்கம் சாயாமை
காயல் – கடலோடு இணைந்த உப்பங்கழி

பயிற்சி

1. நன்னூல் ஆசிரியர்க்குக் கூறும் நான்கு உவமைகள் யாவை?
2. கருப்பன் தம் கருத்துகளைக் கூறக் கும்மி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன்?
3. காயல் சம்மேளனம் நீரின்மேல் நடைபெறக் காரணம் என்ன?
4. எதிர்ப்பு எழுந்தபோது கருப்பன் நடந்துகொண்ட முறை, நிலம், மலர் ஆகிய உவமைகளுள் எதற்குப் பொருந்தும்? காரணம் கூறுக.
5. உங்களுக்குப் பிடித்த ஆசிரியரிடம் நீங்கள் கண்ட நற்பண்புகளைப் பத்து வரிகளில் எழுதுக.