கிர்காமில் ஒரு வக்கீலும் தர்மசாஸ்திர சரித்திரமும்

நம் வீடுகளில் கல்யாணம், சிராத்தம், தீட்டு என்று எந்தப் பேச்சு வந்தாலும், சாஸ்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று யாராவது ஒருவர் சொல்லி வாதத்தை முடித்து விடுவார். எந்த சாஸ்திரம், எந்தக் காலத்தியது, அதற்கு முன்பு என்ன இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இந்தக் கேள்வியையே ஆயுள் முழுவதும் கேட்டு, 6500 பக்கங்களுக்கு மேல் பதில் எழுதி வைத்துப் போனவர் மஹாமஹோபாத்யாய டாக்டர் பாண்டுரங்க வாமன் காணே. 1963-ல் டாக்டர் ஜாகிர் ஹுசேனுடன் பாரத ரத்னா பெற்றவர். அவருடைய பெயர் நம்மவர்கள் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதவில்லை, பம்பாய் ஹைகோர்ட்டில் வக்கீலாக ஜீவனம் நடத்திக்கொண்டே எழுதினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. எனக்கு அவரிடம் உள்ள மரியாதைக்கு அதுவே முதல் காரணம்.

காணே 1880 மே 7-ஆம் தேதி கொங்கணத்தில் ரத்னகிரி ஜில்லாவில், சிப்ளூண் பக்கத்தில் பிறந்தவர். சித்பாவன பிராமணக் குடும்பம். தகப்பனார் தாபோலியில் தாலுகா வக்கீல். தாபோலி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து 1897-ல் மெட்ரிகுலேஷன் தேறி, பம்பாய் வில்சன் காலேஜில் சேர்ந்தார். ஸம்ஸ்கிருதத்தில் பரிசுகள் வாங்கினார், எம்.ஏ. ஆனார், சட்டமும் படித்தார். 1904 முதல் ரத்னகிரியில் பள்ளி ஆசிரியர், பிறகு பம்பாயில் ஆசிரியர், சிறிது காலம் காலேஜில் ஸம்ஸ்கிருதம் கற்பிக்கும் தற்காலிக வேலை. நிரந்தரப் பதவிக்கு நேரம் வந்தபோது அவரைத் தாண்டி வேறொருவருக்குக் கொடுத்து விட்டார்கள். அவர் அரசாங்க வேலையை விட்டு விட்டு 1911-ல் வக்கீல் தொழிலில் இறங்கினார். அந்த வேலை கிடைத்திருந்தால் நமக்கு நல்லதொரு காதம்பரி உரையாசிரியர் கிடைத்திருப்பார். தர்மசாஸ்திர சரித்திரம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஏன் என்றால், அந்தக் காலத்தில் ஸ்மிருதிகள் பூஜை அலமாரியில் மட்டும் இருந்தவை அல்ல, கோர்ட்டிலும் நடமாடியவை. ஹிந்துக்களின் சொத்து, தத்து, பாகப்பிரிவினை வழக்குகள் பழைய நூல்களின்படியே தீர்க்கப்பட்டன. நாட்டின் பெரும்பகுதிக்கு விக்ஞானேசுவரரின் மிதாக்ஷரா, வங்காளத்துக்கு தாயபாகம். பம்பாய்த் தீவு, குஜராத், வடகொங்கணம் ஆகிய இடங்களில் மட்டும் நீலகண்ட பட்டர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய வியவஹார மயூகத்துக்கு முதலிடம். ஒரு சுலோகத்துக்குப் பொருள் மாறினால் ஒரு விதவைக்கு வீடு கிடைக்கும் அல்லது போகும். காணே 1912-ல் ஹிந்து, முகமதிய சட்டங்களில் எல்எல்.எம். தேறினார். 1917 முதல் 1923 வரை பம்பாய் அரசாங்க லா காலேஜில் சட்டமும் கற்பித்தார்.

புனேயில் பண்டார்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் 1917-ல் ஆரம்பமாயிற்று. அதற்காக வியவஹார மயூகத்தைப் பதிப்பிக்கும் பணியை இவர் ஏற்றுக்கொண்டார். புத்தகம் 1926-ல் வெளிவந்தது. அதற்கு முன்னுரையாக, தர்மசாஸ்திர நூல்களின் வரலாற்றைச் சில பக்கங்களில் சொல்லலாம் என்றுதான் நினைத்தார். சில பக்கங்கள் வளர்ந்து 1930-ல் முதல் பாகமாக, 700-க்கும் மேற்பட்ட பக்கங்களோடு வந்தது. இவருக்கு இது பழக்கம் போலும்! சாஹித்ய தர்ப்பணத்தை 1910-ல் மாணவர்களுக்காகப் பதிப்பித்தபோது எழுதிய முன்னுரையும் இப்படியே வளர்ந்து, பின்னாளில் ஸம்ஸ்கிருத அலங்கார சாஸ்திர வரலாறு என்ற தனிப் புத்தகமாயிற்று.

அவருடைய அன்றாட வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பழைய நூல்களில் அச்சிட்ட வருஷம் கிடையாது. ஆசிரியர் தன் காலத்தைச் சொல்வதும் அபூர்வம். எனவே ஒவ்வொரு நூலையும் வரி வரியாகப் படித்து, இது யார் யாரைப் பெயர் சொல்லி எடுத்தாள்கிறது, பிற்காலத்தில் இதை யார் எடுத்தாள்கிறார்கள் என்று குறிக்க வேண்டும். முதலாவது மேல் எல்லை, இரண்டாவது கீழ் எல்லை. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் அந்த நூல் பிறந்திருக்க முடியும். மிதாக்ஷராவின் முடிவில் கல்யாண நகரமும் விக்ரம ராஜாவும் புகழப்படுகிறார்கள். கல்யாணம் இன்றைய கர்நாடகத்து பஸவகல்யாண். ராஜா, 1076-ல் பட்டத்துக்கு வந்த சாளுக்கிய ஆறாம் விக்ரமாதித்யர். இவ்வளவு தெளிவான தடயம் எல்லா நூலுக்கும் கிடைக்காது. பலவற்றுக்கு ஏட்டுச் சுவடிகளைப் பார்த்து, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, ஊகித்துத்தான் ஆக வேண்டும். ஒரு வக்கீல் சாட்சிகளை எப்படி நிறுத்துவாரோ அப்படியே இவர் நூல்களை நிறுத்தினார். ஒவ்வொரு பாகத்திலும் காலவரிசை அட்டவணை ஒன்றைச் சேர்த்திருக்கிறார். மனுஸ்மிருதிக்குக் கி.மு. 200 முதல் கி.பி. 100 வரை, யாக்ஞவல்கியருக்குக் கி.பி. 100 முதல் 300 வரை என்று அவர் போட்ட கணக்கிலிருந்துதான் பின்வந்தவர்கள் ஒத்துப்போகவும் வாதிடவும் தொடங்கினார்கள்.

காத்யாயன ஸ்மிருதி என்று ஒரு நூல். வழக்கு விசாரணை பற்றி அதற்கு ஈடான பழைய நூல் குறைவு. ஆனால் மூல நூல் தொலைந்து போயிற்று. மற்ற நூல்களில் அங்கங்கே மேற்கோளாக வரும் சுலோகங்கள்தான் மிச்சம். காணே அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தொள்ளாயிரத்துக்கும் மேல் சேர்த்து, விஷயவாரியாக அடுக்கி 1933-ல் வெளியிட்டார். கம்ப்யூட்டர் கிடையாது, தேடிக் கொடுக்கும் இயந்திரம் கிடையாது. காகிதமும் ஞாபகசக்தியும்தான். இதே மாதிரி பிருஹஸ்பதி ஸ்மிருதியைச் சேர்த்து 1941-ல் பரோடாவிலிருந்து வெளியிட்டவர் நம்முடைய கே.வி. ரங்கஸ்வாமி ஐயங்கார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பரோடாவுக்காக லக்ஷ்மீதரரின் கிருத்ய கல்பதருவைப் பகுதி பகுதியாகப் பதிப்பித்தவரும் அவரே.

காணேயின் வீடு கிர்காமில் ஆங்கிரே வாடியில். இரண்டாம் உலக யுத்தக் காலத்துப் பம்பாயை நினைத்துப் பாருங்கள். காகிதத்துக்கே பஞ்சம். அவருக்கோ வருஷக்கணக்காக வயிற்றுப் புண். சாப்பாட்டில் கட்டுப்பாடு, அடிக்கடி வலி. இதற்கு நடுவில் 1941-ல் இரண்டாம் பாகம், இரண்டு புத்தகங்களாக 1300 பக்கங்களுக்கு மேல். 1946-ல் ராஜதர்மமும் வியவஹாரமும் அடங்கிய மூன்றாம் பாகம். 1947 முதல் 1949 வரை பம்பாய் சர்வகலாசாலைத் துணைவேந்தர் பொறுப்பு வேறு. 1953-ல் பிராயச்சித்தம், ஆசௌசம், சிராத்தம், தீர்த்தயாத்திரை பற்றிய நான்காம் பாகம். அந்த வருஷமே ராஜ்ய சபைக்கு நியமனம். நான்காம் பாகத்துக்கு 1956-ல் சாஹித்ய அகாதமி பரிசு. கடைசிப் பாகம் 1962-ல் முடிந்தபோது அவருக்கு வயது 82.

இந்தப் பட்டியலில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. அவர் மூன்றாம் பாகத்தை எழுதியபோது அதில் சொன்ன தாயவிபாகம் கோர்ட்டில் உயிரோடு இருந்த சட்டம். கடைசிப் பாகம் முடிவதற்குள் 1955-ல் ஹிந்து விவாகச் சட்டமும் 1956-ல் ஹிந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்து, மிதாக்ஷராவும் மயூகமும் பெரும்பாலும் சரித்திரமாகி விட்டன. எழுதிக்கொண்டிருக்கும்போதே தன் விஷயம் பழங்காலத்துக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்த சரித்திராசிரியர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

நம்மவர்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஓர் இடம் இரண்டாம் பாகத்தில் உண்டு. மாமன் பெண்ணை மணப்பது. வடக்கே வேலைக்குப் போன நம் குடும்பங்களில், பக்கத்து வீட்டு உத்தரப் பிரதேசத்து பிராமணர் இதைக் கேட்டு முகம் சுளித்த அனுபவம் பலருக்கு இருக்கும். எனக்கும் உண்டு. காணேயின் சமூகத்திலும் இந்த வழக்கம் இல்லை. ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை. பௌதாயன தர்மசூத்திரமே இதைத் தெற்கத்தியரின் தனி வழக்கமாகக் குறிப்பிடுகிறது, அதே இடத்தில் வடக்கத்தியரின் வழக்கங்களாகக் கடல் யாத்திரை, கம்பளி வியாபாரம் முதலியவற்றையும் சொல்கிறது என்பதில் தொடங்குகிறார். பிறகு மனு இதைக் கண்டிப்பதைக் காட்டுகிறார். அதன்பின் தெற்கே ஸ்மிருதி சந்திரிகையும் விஜயநகரத்து மாதவரின் பராசர மாதவீயமும் வேத வாக்கியங்களையே கொண்டு இதற்கு ஆதரவாக வாதிடுவதையும் எடுத்து வைக்கிறார். ஆக, குறைந்தது இரண்டாயிரம் வருஷத்து வழக்கு இது! ஒரு பக்கத்து சாஸ்திரம் மட்டும் சாஸ்திரம் என்று சொல்ல இடமில்லை. 1955-ஆம் வருஷத்துச் சட்டமும் குல வழக்கம் அனுமதித்தால் தடையில்லை என்றுதான் வைத்திருக்கிறது.

இன்னொரு இடம் அவ்வளவு லேசாகப் படிக்க முடியாதது. என் அப்பாவின் அத்தை பால்ய விதவை. தலை மழித்து, நார்மடிப் புடவையின் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு, சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவிலேயே எழுபது வயது வரை இருந்தார். சாஸ்திரம் என்றுதான் அவருக்கு அதைச் செய்தார்கள். விதவைகளின் கேசவபனம் பற்றிக் காணே எழுதியதை நான் படித்தபோது புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைக்க வேண்டியிருந்தது. மனுவில் அது இல்லை. யாக்ஞவல்கியரிலும் இல்லை. ஆதாரமாகக் காட்டப்படுபவை ஸ்காந்த புராணத்துக் காசி கண்டம் போன்ற பிற்கால நூல்களின் சில சுலோகங்கள். அவற்றை ஒவ்வொன்றாக விசாரித்து, இது காலப்போக்கில் பின்னால் நுழைந்த வழக்கம் என்று அவர் முடிவு சொல்கிறார். தென்கலை வைஷ்ணவர்கள் ஆசாரத்தில் யாருக்கும் குறையாதவர்களாக இருந்தும் இதை ஏற்கவில்லை என்பதும் அவருடைய கவனத்துக்குத் தப்பவில்லை. அந்த அத்தையிடம் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடியவர்களும் அப்போது படிக்கவில்லை.

காணே எழுதியதோடு நிற்கவில்லை. தலை மழிக்காத விதவைக்குப் பண்டரிபுரம் விட்டலன் சந்நிதியில் பூஜை செய்யும் உரிமை உண்டா என்று வழக்கு வந்தபோது அந்த ஸ்திரீயின் பக்கம் நின்றார். இவர் சீர்திருத்தத்துக்காக நூல்களை வளைத்தவரும் அல்லர். ஹாரீதர் பெண்களுக்கு உபநயனம் சொல்கிறார் என்று எழுதிய அதே பேனாதான், பழைய மதுபர்க்கத்தில் மாமிசம் இருந்தது என்றும் எழுதிற்று. முன்னதைப் படித்துச் சந்தோஷப்பட்டவர்களில் பலர் பின்னதைப் படித்துக் கோபப்படுவார்கள். நமக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைப்பது அவருடைய கோர்ட்டில் செல்லாது.

புத்தகத்தைப் படிப்பது சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். சில பக்கங்களில் மேலே நாலு வரி ஆங்கிலம், கீழே பக்கம் நிறைய தேவநாகரி அடிக்குறிப்பு. விஷயம் விட்டு விஷயம் தாவுவார், முந்தைய பாகத்தில் சொன்னதைத் திரும்பவும் சொல்வார். கடைசிப் பாகத்தில் விரதம், பஞ்சாங்கம், தந்திரம், மீமாம்சை, யோகம் என்று எல்லாவற்றையும் உள்ளே கொண்டு வந்து விட்டார் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒரு விஷயத்தைத் தேட வேண்டுமானால் இன்றும் முதலில் இங்கேதான் போக வேண்டியிருக்கிறது. ஹிந்தி மொழிபெயர்ப்பும் உண்டு. வடக்கே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது உதவலாம்.

1959-ல் அவரை தேசியப் பேராசிரியராக நியமித்தார்கள். அரசாங்கக் காலேஜ் அவருக்குக் கொடுக்காத நாற்காலி, எழுபத்தொன்பதாவது வயதில் வேறு வழியாக வந்து சேர்ந்தது. 1972-ல் பம்பாயில் காலமானார். கடைசிப் பாகம் முடிந்ததும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. 1930-ல் வந்த முதல் பாகத்துக்குப் பிறகு எத்தனையோ நூல்கள் அச்சேறியிருந்தன, பல தேதிகள் மாற வேண்டியிருந்தன. எனவே மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். திருத்திய முதல் பாகத்தின் முற்பகுதி 1968-ல் வெளிவந்தது. அப்போது அவருக்கு 88 வயது. மீதிப் பகுதி 1975-ல், அவர் போன பிறகு வந்தது.