முக்காலியில் ஏறிய எமன்

பழைய இரும்புக் கடையில் மூன்று கால் இரும்புச் சட்டம் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கனம் சுமார் 50 ராத்தல். சர்வேக்காரரின் முக்காலி என்பார் ஒருவர். அதற்கு இத்தனை கனம் எதற்கு?

துருவைத் தேய்த்துப் பாருங்கள். காக்கைக் கால் போல ஓர் அம்புக்குறி தெரிந்தால், அது பிரிட்டிஷ் சர்க்காரின் முத்திரை. அம்புக்குறியின் அடியில் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்து இருந்தால், இந்திய சர்க்காரின் சொத்து. எந்திரத் துப்பாக்கி உட்கார்ந்த முக்காலியாக அது இருக்கலாம்!

காலைப் பார்த்தே ஊரைச் சொல்வார்கள் விவரம் தெரிந்தவர்கள். பிரிட்டிஷாருக்கு முக்காலி. ஜெர்மானியருக்குப் பெரும்பாலும் இழுத்துச் செல்லும் நாலு கால் சட்டம். ருஷியருக்குச் சின்னச் சக்கர வண்டி. ஆனால் மேலே இருந்த துப்பாக்கி மூன்று நாட்டுக்கும் ஒரே குடும்பம். அதன் தகப்பன் ஒருவர்தான். ஹிராம் மாக்சிம்!

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில், 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி மாக்சிம் பிறந்தார். ஏழைக் குடும்பம். 14 வயதில் வண்டி செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். மாவு மில்லில் எலித் தொல்லை என்றதும், தானே மறுபடி விரித்துக்கொள்ளும் எலிப்பொறி செய்தார். பிறகு மின்சார விளக்கில் இறங்கி எடிசனோடு போட்டி போட்டார்.

1881-ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சிக்கு வந்தவர், லண்டனில் பட்டறை போட்டார். துப்பாக்கி சுட்டால் தோளில் உதைக்கும் அல்லவா? அந்த உதை வீணாகப் போவானேன் என்று யோசித்தார். ஒரு குண்டின் உதையே காலித் தோட்டாவைத் தள்ளி, அடுத்ததை ஏற்றிச் சுடும்படி செய்தார். 1884-ல் துப்பாக்கி தயார். நிமிஷத்துக்கு 600 குண்டு! குழாய் பழுக்கக் காயாமல் இருக்க, சுற்றிலும் தண்ணீர் உறை.

பிரிட்டன் வாங்கியது. ஜெர்மனி வாங்கியது. ருஷியா வாங்கியது. வியாபாரிக்குப் பகை நாடு ஏது?

1898-ல் சூடானில் ஓம்துர்மான் சண்டை. மாக்சிம் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் முழங்கின. ஒரே நாளில் பத்தாயிரம் சூடானியருக்கு மேல் மாண்டார்கள். எதிர்த்தரப்பில் 50 பேர்கூடச் சாகவில்லை. 1901-ல் மாக்சிமுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கேட்டு அவர் காது செவிடாகிவிட்டது.

அவருக்கு மார்ச்சளித் தொல்லையும் உண்டு. அதற்கு மருந்தாவி இழுக்கும் குழாய் ஒன்று செய்தார். போலி வைத்தியம் என்று சிலர் கேலி செய்தார்கள். கொல்லும் கருவிக்குப் புகழ், மூச்சுவிட உதவும் கருவிக்கு ஏச்சா என்று கிழவர் நொந்துகொண்டார். 1894-ல் மூன்றரை டன் நீராவி விமானம் ஒன்றும் செய்தார். தண்டவாளத்தை விட்டுச் சற்று எழும்பி உடைந்தது.

1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னைமீது குண்டு போட்டதே, எம்டன் கப்பல்? நவம்பரில் அதன் மாலுமிகள் சுமார் 50 பேர் கொக்கோஸ் தீவில் இறங்கினார்கள். அவர்களிடம் இருந்தவை நான்கு மாக்சிம் துப்பாக்கிகள். கப்பல் அழிந்தது. அவர்களோ ஒரு பாய்மரக் கப்பலைப் பிடித்து, அரபு நாடு வழியாகத் துருக்கி போய்ச் சேர்ந்தார்கள். எம்டன்கள்தாம்!

1916 ஜூலை 1-ந் தேதி, பிரான்சில் சோம் நதிப் போர். முதல் நாளே 19,000 பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு மேல் பலி. அவர்களை அறுத்துத் தள்ளியதில் ஜெர்மானியரின் மாக்சிம் துப்பாக்கிக்குப் பெரிய பங்கு. அந்தப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு எங்கிருந்து தோல் போயிற்று தெரியுமா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழில் அடங்கிய நம் சென்னை மாகாணத்திலிருந்து! ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோல் மூட்டை மூட்டையாகக் கப்பல் ஏறியது.

சோம் சண்டை நவம்பர் 18-ந் தேதி ஓய்ந்தது. ஆறு நாள் கழித்து, 24-ந் தேதி, லண்டனில் மாக்சிம் இறந்தார். வயது 76. அவர் துப்பாக்கியைத் திருத்திச் செய்த விக்கர்ஸ் துப்பாக்கி, அதே முக்காலியில் 1968 வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்தது.