கோமகனின் அமைச்சரும் ஏழைகளின் திராட்சைத் தோட்டமும்



புனிதர்களின் வரலாறுகளையே அதிகம் வாசித்துப் பழகிய உங்களுக்கு, இன்று புனிதர் அல்லாத ஒருவரை அறிமுகப்படுத்துகின்றேன். நிக்கோலா ரொலான் என்பது அவர் பெயர். பிரான்ஸ் நாட்டின் பேர்கண்டிப் பிரதேசம் அவரை இன்றும் மறக்கவில்லை.

ஓத்தன் நகரில் 1376ஆம் ஆண்டளவில் பிறந்த ரொலான் சட்டத்தரணியாகி, தம் அறிவுக்கூர்மையால் 1422இல் கோமகன் பிலிப்பின் தலைமை அமைச்சரானார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்சியின் கடிவாளம் அவர் கையில் இருந்தது. செல்வமும் குவிந்தது. அது முழுவதும் தூய வழியில் வந்ததென்று சொல்வதற்கில்லை. 1435இல் அராஸ் நகரில் பிரெஞ்சு மன்னரோடு சமாதானம் செய்யப்பட்டபோது, அம்மன்னரிடமிருந்தே அவர் பெருந்தொகை பெற்றார்.

நீண்ட போராலும் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் மக்கள் நலிந்திருந்த காலம் அது. 1443 ஓகஸ்ட் 4ஆம் நாள், ரொலான் தம் மனைவி கிகோன் தெ சலான் அம்மையாரோடு போன் என்னும் நகரில் ஏழைகளுக்கென ஒரு வைத்தியசாலையை நிறுவினார். சலான் உப்பளங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரம் லீவர் பணம் அதற்கு எழுதிவைக்கப்பட்டது. 1452 ஜனவரி முதலாம் நாள் முதல் நோயாளர் அங்கே ஏற்கப்பட்டனர். நீண்ட மண்டபத்தின் இருமருங்கிலும் கட்டில்கள். ஒரு முனையில் சிற்றாலயம். எழுந்து நடக்க இயலாதவரும் படுக்கையிலிருந்தே திருப்பலி காணலாம்.

அந்த மண்ணைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். திராட்சை இரசம் குறித்து ஒரு குரு இவ்வளவு எழுதலாமா என எண்ணாதீர்கள். இதை அறியாமல் பின்னர் நடந்தது விளங்காது. போன் நகரை ஒட்டிய குன்றுச்சரிவுகள் கிழக்கு நோக்கியவை. காலை வெயில் நன்கு படும். நிலம் சுண்ணாம்புக்கல்லும் களியும் கலந்தது. பினோ நுவார் என்னும் மெல்லிய தோலுடைய கருந்திராட்சையே அங்கு செந்நிற இரசத்தைத் தருகிறது. நிலத்தின் இயல்பை அப்படியே காட்டிவிடும் கொடி அது. சில அடி தூரம் தள்ளி நட்டாலும் சுவை மாறுமாம். சீத்தோ மடத்துத் துறவிகள் இவ்வேறுபாட்டை உணர்ந்தே தம் நிலமொன்றைச் சுற்றி மதில் எழுப்பினர். மிகுதியாகக் காய்த்தாலும் தரம் குறைந்த கமே கொடியை அகற்றுமாறு 1395இல் கோமகனின் பாட்டனார் கட்டளையிட்டிருந்தார்.

1457 முதல் மக்கள் இத்தகைய சரிவு நிலங்களை வைத்தியசாலைக்குத் தானமாக எழுதிவைக்கத் தொடங்கினர். அதே ஆண்டளவில் ரொலான் கோமகனின் தயவை இழந்தார் என்பது விந்தை. 1462இல் ஓத்தனில் அவர் காலமானார். ஏழைகளை உருவாக்கியவரே அவர்களுக்கு இல்லமும் அமைத்தார் என்று பதினோராம் லூயி மன்னர் ஏளனம் செய்ததாகச் சொல்வர்.

அவ்வேளனம் முற்றிலும் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், அவர் சிற்றாலயத்துக்கென ரோஜியே வான் டெர் வெய்டனிடம் வரையச் செய்த ஓவியத்தைக் கவனியுங்கள். திறந்தால் இறுதித்தீர்ப்பு, நடுவே அதிதூதர் மிக்கேல் தராசேந்தி நிற்கிறார். கதவுகளை மூடினால், வெளிப்புறத்தில் முழந்தாளிட்டுச் செபிக்கும் ரொலானும் கிகோனும் தெரிகின்றனர். தராசில் தம் செல்வம் எவ்வாறு நிற்கும் என்பதை அந்தச் சட்டத்தரணி எண்ணாமலா இருந்திருப்பார்?

கிகோன் அம்மையார் 1470இல் மரித்து, அதே சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ரொலான் அடக்கம் செய்யப்பட்ட ஆலயமோ பிரெஞ்சுப் புரட்சியின்போது இடிக்கப்பட்டது. மண்டபம் 1971 வரை நோயாளரைத் தாங்கியது. பின்னர் அவர்கள் புதிய வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டனர். தானநிலங்கள் இன்று ஏறத்தாழ 60 ஹெக்டேயர். அவற்றின் இரசம் 1859 முதல் பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டு வருகிறது. இப்போது அது நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று நடைபெறுகிறது. அப்பணம் நோயாளருக்கே செல்கிறது. ஏலத்துக்கு வரும் செந்நிற இரசங்களுள் ஒன்றின் பெயர் நிக்கோலா ரொலான். மற்றொன்றின் பெயர் கிகோன் தெ சலான்.