பீர் ஆலையில் ஒரு மாணவன்

உலையில் சோறு கொதிக்கிறது. வெந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? பானை முழுவதையும் தின்றா பார்க்கிறோம்? ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

ஆனால் அந்த ஒரு பருக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒன்று போதுமா, நாலு வேண்டுமா?

இதற்குக் கணக்குப் போட்டு விடை சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல. பீர் காய்ச்சும் ஆலையில் வேலை பார்த்தவர்! பெயர், வில்லியம் சீலி காசெட்.

இங்கிலாந்தில் கான்டர்பரி நகரில் 1876-ம் ஆண்டு பிறந்தார். தந்தை ராணுவத்தில் கர்னல். மகனும் ராணுவத்தில் என்ஜினீயராகச் சேர்ந்திருப்பார். கண்பார்வை மந்தமாக இருந்ததால் அது நடக்கவில்லை. ஆக்ஸ்போர்டில் கணிதமும் ரசாயனமும் படித்தார். 1899-ல் அயர்லாந்துக்குப் போய், டப்ளின் நகரில் உள்ள கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

கறுப்பு பீர்

கின்னஸ் ஆலையின் சரக்கு, ஸ்டவுட் என்னும் கறுப்பு பீர். பார்லியை முளைக்கவிட்டு உலர்த்துவார்கள். அதற்கு மால்ட் என்று பெயர். பார்லியில் ஒரு பங்கைக் கருக வறுத்துச் சேர்ப்பதால்தான் அந்தக் கறுப்பு நிறம். ஹாப்ஸ் என்ற கொடியின் பூ, கசப்பையும் மணத்தையும் கொடுக்கும். (குடி நல்லதா, கெட்டதா என்பது வேறு வழக்கு. அதை இங்கே விசாரிக்க வேண்டாம்.)

பழைய ஆட்கள் பூவைக் கையில் கசக்கி மோந்து பார்ப்பார்கள். பார்லியைக் கண்ணால் பார்த்தே மதிப்பிடுவார்கள். சின்ன ஆலைக்கு அது போதும். கின்னஸ் ஆலையோ மிகப் பெரியது. எந்தப் பீப்பாயைத் திறந்தாலும் ஒரே ருசி வரவேண்டும்.

மால்ட்டிலிருந்து இறங்கும் சர்க்கரைச் சத்து கூடினால் பீரின் வீறு கூடும், வரியும் கூடும். குறைந்தால் ருசி போய்விடும். ஆகவே சோதித்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் நேரமும் பணமும் செலவு. நூறு முறை சோதிக்க யாரால் முடியும்? அந்தக் காலத்துக் கணித நூல்களோ, ஏராளமான அளவுகள் கையில் இருந்தால்தான் சரியாக வழிகாட்டின.

காசெட் விடவில்லை. 1906-ல் லண்டனுக்குப் போய், கார்ல் பியர்சன் என்ற கணித மேதையின் கூடத்தில் ஓராண்டு உழைத்தார்.

கைதிகளின் விரல்கள்

அங்கே அவர் செய்த வேலை விசித்திரமானது. 3,000 குற்றவாளிகளின் உயரமும், இடது கை நடுவிரல் நீளமும் அளந்து எழுதப்பட்ட பட்டியல் ஒன்று இருந்தது. அந்த அளவுகளை 3,000 அட்டைகளில் எழுதினார். சீட்டுக் குலுக்குவதுபோல நன்றாகக் கலைத்தார். நாலு நாலாகப் பிரித்தார். 750 கூட்டங்கள்! ஒவ்வொன்றுக்கும் சராசரி கண்டுபிடித்து, அது எவ்வளவு தவறுகிறது என்று பார்த்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கையால்!

குற்றவாளியின் விரலுக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. நாலே அளவுகளை வைத்து மொத்தத்தைப் பற்றிச் சொன்னால் எவ்வளவு பிசகும் என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. தாளில் போட்ட கணக்கும் அட்டைகள் காட்டிய விடையும் ஒத்துப்போயின.

மால்ட் விஷயத்தில் அவர் கண்டது இது: இரண்டு மாதிரி பார்த்தால் ஐந்தில் நாலு தடவை முடிவு சரியாக இருக்கும். நாலு மாதிரி பார்த்தால் பதின்மூன்றில் பன்னிரண்டு தடவை! அதற்குமேல் வீண் செலவு செய்வதா, வேண்டாமா என்று முதலாளி யோசித்துக்கொள்ளலாம்.

மறைந்த பெயர்

1908-ல் இந்தக் கண்டுபிடிப்பு ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. ஆனால் காசெட் பெயர் அதில் இல்லை! தொழில் ரகசியம் போட்டிக்காரர்களுக்குப் போய்விடக்கூடாது என்பது ஆலையின் கவலை. ஆகவே மாணவன் என்று பொருள்படும் ஸ்டூடண்ட் என்ற புனைபெயரில் எழுதினார். பெரும் புகழ் வாசல்வரை வந்தது. அவர் புனைபெயரை அனுப்பிவிட்டுத் தம் ஆலை வேலையைப் பார்த்தார். பின்னர் எழுதியவையும் ஏறக்குறைய எல்லாம் அதே பெயரில்தான்.

முதலில் அவர் கண்டுபிடிப்பை அதிகம் பேர் கவனிக்கவில்லை. ரொனால்டு ஃபிஷர் என்ற இளைஞர்தான் அதன் அருமையை உணர்ந்து, உறுதியான நிரூபணம் தந்து பரப்பினார். ஃபிஷரும் பியர்சனும் கீரியும் பாம்பும். காசெட் இருவருக்குமே நண்பர்! இது கணக்கைவிடக் கஷ்டமான காரியம்.

1935-ல் லண்டனில் கின்னஸ் கட்டிய புது ஆலைக்குப் போனார். 1937 அக்டோபர் 16-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 61.

புது மருந்து குணம் தருகிறதா, புது விதை விளைகிறதா என்று சில மாதிரிகளை வைத்துத் தீர்மானிப்போர் இன்றும் அவர் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். பாடப் புத்தகங்களில் அதற்கு ஸ்டூடண்ட் சோதனை என்றுதான் பெயர். காசெட் சோதனை என்று யாரும் சொல்வதில்லை.