பழம்பொருள்களும் ஸர் வால்டர் ஸ்காட்டும்

ஆங்கில நாவலாசிரியருள் ஸர் வால்டர் ஸ்காட்டின் பெயரைக் கேளாதார் நம் சங்கத்தாருள் மிகச் சிலரே இருப்பர். அவர் 1771ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15ஆம் தேதி ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் ஒரு வக்கீலின் குமாரராகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் வலக்கால் ஊனமுற்றது. தேக சுகத்தை உத்தேசித்து அவரைப் பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பினர். அங்கே ஸ்மெயில்ஹோம் என்னும் பழைய கோபுரத்தினருகில், பாட்டியும் அத்தையும் சொல்லிய எல்லைப்புறச் சண்டைக் கதைகள் அவருள்ளத்தில் ஊறின. பெர்ஸி என்பார் தொகுத்த பழம்பாடல் நூலைப் பதின்மூன்றாம் பிராயத்தில் ஒரு மரநிழலில் அமர்ந்து வாசித்தவர், உணவு வேளையையும் மறந்தனராம்.

வக்கீல் தொழிலை ஏற்றும் அவர் மனம் பழமையிலேயே நின்றது. மலைக் கிராமங்களிற் சென்று முதியோர் வாய்ப் பாடல்களைக் கேட்டெழுதி, 1802, 1803ஆம் வருஷங்களில் மூன்று பாகங்களாக வெளியிட்டார். எழுதத் தொடங்கி இடையிலே விட்ட கதையொன்று, அவர் மீன் தூண்டிற் கருவிகளைத் தேடுகையில் ஒரு பழைய மேஜையினுள் அகப்பட்டது. அதனை முடித்து 1814இல் பெயரிடாமலே வெளியிட்டார். அதுவே வேவர்லி.

ட்வீட் நதிக்கரையில் அவர் கட்டிய ஆபட்ஸ்போர்டு மாளிகையில் ராப் ராயின் துப்பாக்கியும் மாண்ட்ரோஸ் பிரபுவின் வாளும் இடம்பெற்றன. எடின்பரோவின் பழஞ் சிறைச்சாலையை 1817இல் இடித்தபோது அதன் கதவைப் பெற்றுத் தம் வீட்டுச் சுவரிற் பதித்தார். நம் வீடுகளிலாயின் மரம் அடுப்புக்கும், இரும்பு பேரீச்சம்பழக்காரனுக்கும் போயிருக்கும்! மறுவருஷமே அச்சிறையை நடுவாக வைத்த நாவல் வெளிவந்தது. அவ்வருஷத்திலேதான் 1707 முதல் பூட்டிக்கிடந்த பெட்டியை எடின்பரோக் கோட்டையில் அவர் முயற்சியால் திறந்து, ஸ்காத்லாந்து அரசர்களின் கிரீடத்தையும் வாளையும் செங்கோலையும் கண்டனர்.

1826இல் அச்சுக்கூடமும் பிரசுராலயமும் நொடிக்கவே, ஏறக்குறைய 1,20,000 பவுன் கடன் அவர் தலைமீது விழுந்தது. அவ்வருஷமே மனைவியையும் இழந்தார். இன்ஸால்வெண்டு கொடுத்துத் தப்ப மறுத்து, எழுதியே தீர்ப்பதென நிச்சயித்து, உடல் தளர்ந்தும் இரவும் பகலும் எழுதினார். இதனை மெச்சிய கடன்காரர்கள் 1830இல் அவருடைய புத்தகங்களையும் பழம்பொருள்களையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தனர். பக்கவாதம் முற்றி, 1832ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 21ஆம் தேதி அம்மாளிகையிலேயே காலஞ்சென்றார். எஞ்சிய கடனை அவர் நூல்களின் வருமானமே பின்னர் அடைத்தது.