லண்டனின் கழிவுநீரைத் திருப்பிவிட்ட பேசல்ஜெட்

வாந்திபேதி என்று நம் பெரியவர்கள் அச்சத்தோடு சொன்ன காலரா, 19ஆம் நூற்றாண்டில் லண்டனையும் விட்டுவைக்கவில்லை. 1848-49இல் மட்டும் அந்நகரில் 14,000க்கும் அதிகமானோர் மாண்டனர். வீட்டுக் கழிவெல்லாம் தேம்ஸ் ஆற்றில் கலந்தது. அதே ஆற்று நீரைத்தான் பலர் குடித்தனர். இந்நிலையை மாற்றிய பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்.

அவர் 1819 மார்ச் 28ஆம் தேதி என்ஃபீல்டில் பிறந்தார். தந்தை கடற்படை அதிகாரி. இளம் வயதில் ரயில்பாதை வேலைகளை அளவுக்கு மீறி இழுத்துப் போட்டுக்கொண்டதால் 1847இல் உடல் நலிந்து ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. தேறிய பின், 1849இல் லண்டன் கழிவுநீர் ஆணையத்தில் உதவி அளவையாளராகச் சேர்ந்தார். 1856இல் புதிதாக அமைந்த மாநகரப் பணிகள் வாரியத்தின் தலைமைப் பொறியாளரானார்.

திட்டம் கையில் இருந்தது. பணமும் அனுமதியும்தான் வரவில்லை. 1858ஆம் ஆண்டுக் கோடையில் வெயில் கொளுத்த, ஆறு பொறுக்க முடியாதபடி நாறியது. நாடாளுமன்றம் ஆற்றங்கரையிலேயே இருந்தது. ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஏழைகள் ஆயிரக்கணக்கில் செத்தபோது அசையாத கோப்பு, உறுப்பினர்களின் மூக்கில் நாற்றம் ஏறியதும் அசைந்தது. 18 நாளில் சட்டம் நிறைவேறியது.

ஆற்றை நோக்கி ஓடிய பழைய சாக்கடைகளை இடையில் மறித்து, பூமிக்கடியில் ஆற்றுக்கு இணையாகச் செல்லும் பெரிய செங்கல் கால்வாய்களில் சேர்த்து, நகருக்குக் கிழக்கே கொண்டுபோய்விடுவதுதான் அவருடைய ஏற்பாடு. அந்தக் கால்வாய்களின் நீளம் சுமார் 132 கிலோமீட்டர். பெரும்பாலும் சரிவினாலேயே கழிவு ஓடும். தாழ்வான இடங்களில் நீராவி இயந்திரங்கள் அதை மேலே ஏற்றும். மொத்தம் 31 கோடியே 80 லட்சம் செங்கற்கள் பிடித்தன. அன்று அவ்வளவாகப் பழக்கத்துக்கு வராத போர்ட்லண்ட் சிமெண்டைத் துணிந்து பயன்படுத்திய அவர், சோதித்துப் பார்க்காமல் சிமெண்டை வேலைக்கு விடவில்லை. அந்தக் கால்வாய்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

1865இல் திட்டத்தின் முக்கியப் பகுதி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே காலரா மீண்டும் வந்து 5,500க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர், புதிய கால்வாய் இணைப்பு இன்னும் முடியாத கிழக்கு லண்டன்வாசிகள். நோய் நாற்றத்தால் பரவுகிறது என்றே அன்று பலரும் நம்பினர். குடிநீர்தான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ முன்பே சொன்னதை ஏற்றவர்கள் சிலரே. நாற்றத்தை விரட்டக் கட்டிய கால்வாய், குடிநீரைக் காத்தது!

ஆனால் பேசல்ஜெட்டின் திட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. கழிவு சுத்திகரிக்கப்படவில்லை; கடல் வற்றும் நேரம் பார்த்து ஆற்றின் கீழ்ப்பகுதியில் அப்படியே திறந்துவிடப்பட்டது. 1878 செப்டம்பர் 3ஆம் தேதி 'பிரின்சஸ் ஆலிஸ்' என்ற உல்லாசக் கப்பல் அங்கே மோதி மூழ்கி, 600க்கும் அதிகமானோர் மாண்டனர். சற்று முன்னர்தான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. நீரின் அசுத்தமும் சாவுக்குக் காரணம் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. பின்னர் அரச ஆணையம் விசாரித்து, திடக்கழிவைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றது.

அதன்படி 1880களின் இறுதியில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் கலந்து கசடைப் படியவைக்கும் முறை வந்தது. படிந்த கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினர். அப்படிக் கசடு சுமந்த முதல் கப்பலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

1889இல் ஓய்வுபெற்ற அவர், 1891 மார்ச் 15ஆம் தேதி விம்பிள்டனில் காலமானார். மறு ஆண்டு, ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவுக்கு 8,600 பேர் பலியானார்கள். அங்கிருந்து கப்பல்கள் வந்துபோய்க்கொண்டிருந்த லண்டனில் அந்நோய் பரவவில்லை.